கல்லுக்கு இந்தப் பக்கம்

அளக்க மிச்சம் இருந்தது மடுகரையைத் தாண்டி மாநில எல்லை வரைக்கும் போகும் ஒரே ஒரு கிலோமீட்டர்தான். கலைவேந்தன் அதை வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளிவைத்திருந்தான், பல் பிடுங்கப் போனவன் வரிசையில் எல்லோருக்கும் வழிவிட்டுக்கொண்டு நிற்பதைப்போல. இனித் தள்ளிப்போட முடியாது என்று ஆனபிறகு, விடிகாலை ஐந்தேகாலுக்கு மடுகரைக் கடைத்தெருவில் பைக்கை நிறுத்திவிட்டு, அளவுச் சக்கரத்தை இறக்கி உருட்டிக்கொண்டு மேற்கே நடந்தான். கரும்புக்கொல்லைகளின்மேல் மாசிப் பனி இன்னும் கலையவில்லை. டீக்கடைக்காரர் பாய்லரைப் பற்றவைத்துக்கொண்டே, "இன்னா சார், மறுபடியும் ரோடு போடப் போறீங்களா?" என்று கேட்டார். இல்லை, போட்ட ரோட்டுக்கு மார்க் போட வந்திருக்கிறேன் என்றான். அவர் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்.

வேடிக்கை இல்லை, நிஜமாகவே அதுதான் அவன் வேலை. அரசாங்கங்கள் தங்கள் பொதுச் சாலைகளை நாளைக்கும் தாங்கும்படி எவ்வளவு லட்சணமாக வைத்திருக்கின்றன என்று அளந்து, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் இருந்தான். பத்தாம் வகுப்புப் பையனுக்கு ரேங்க் கார்டு கொடுப்பதைப்போல அரசாங்கத்துக்கு ரேங்க் கார்டு. மொத்தம் அறுபத்து நான்கு கேள்விகள், எல்லாம் டேப்லெட்டில் வரும். ரோடு எவ்வளவு குலுக்குகிறது, மழைத்தண்ணீர் எங்கே போகிறது, வெட்டிய மரத்துக்குப் பதில் எத்தனை மரம் வைத்தார்கள், நடந்துபோகிறவன் எங்கே கடப்பான், எத்தனை பேர் செத்தார்கள். இந்த ரோட்டில் வெட்டிய புளியமரம் முப்பத்தொன்று. அதற்குப் பத்து மடங்காக முந்நூற்றுப் பத்துக் கன்றுகள் நட்டதாகப் பொதுப்பணித் துறை எழுதிக்கொடுத்திருந்தது. கலைவேந்தன் எண்ணிப் பார்த்ததில் உயிரோடு இருந்தவை ஒன்பது. மற்றதெல்லாம் இரும்புக் கூண்டுக்குள் குச்சி, அல்லது வெறும் கூண்டு. ஒரு கூண்டில் யாரோ ஆட்டுக்குட்டியை அடைத்து வைத்திருந்தார்கள். ஆனால் கேள்வி நட்டதைத்தான் கேட்டது, பிழைத்ததைக் கேட்கவில்லை. ஐந்துக்கு ஐந்து.

சக்கரம் நூறு மீட்டருக்கு ஒருமுறை டிக்கென்றது. அவனுக்கு அந்தச் சத்தத்தின்மேல் கவனம் இல்லை. அதற்குப் பின்னால் வரும் இன்னொரு சத்தத்துக்காகத்தான் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தான். இரண்டு வருஷமாக இது நடக்கிறது. எந்த ஊரில், எந்த ரோட்டில் சக்கரத்தை உருட்டினாலும் எழுபது மீட்டர்போல நடந்ததும் இடதுபக்கம் யாரோ கூட நடந்து வருவது கேட்கும். ஒரு காலில் செருப்பு, மறு காலில் இல்லை. சப்பென்று ஒரு அடி, சத்தமில்லாமல் ஒரு அடி, மறுபடியும் சப்பென்று ஒன்று. நின்றால் அதுவும் நின்றுவிடும். அவன் பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை. டிப்ளமோ சிவில் படித்தவன், நிலத்தை மீட்டராகவும் சென்டிமீட்டராகவும் மட்டுமே பார்க்கப் பழகியவன். திண்டிவனத்தில் கேட்டது, திருவண்ணாமலையில் கேட்டது. அவன் மனைவி வைஜெயந்தி, "தூக்கத்துல அறுபத்தொம்போது, எழுவதுன்னு எண்றியே, இன்னாத்த எண்ற?" என்று ஒருநாள் கேட்டாள். சக்கரக் கணக்கு என்று சொல்லிவிட்டான். இன்றைக்கு இந்த ரோட்டில், அந்தச் சத்தம் பிறந்த ரோட்டிலேயே, அது கேட்கவில்லை. எழுபது போயிற்று, நூற்று நாற்பது போயிற்று. காதில் விழுந்தது சக்கரத்தின் சத்தமும் தூரத்தில் ஒரு போர்செட் மோட்டாரும்தான். கூடவே வந்துகொண்டிருந்தவள் இங்கே வந்து இறங்கிக்கொண்டாள் என்று தோன்றியது.

ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால், இதே ரோட்டை அகலப்படுத்திய ஒப்பந்தக்காரரிடம் அவன் சர்வேயராக இருந்தான். இங்கே இரண்டு அரசாங்கங்களின் மண் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து கிடக்கிறது. ஒரு கொல்லையில் நின்று துப்பினால் எச்சில் அடுத்த மாநிலத்தில் விழும். வடிகால் வாய்க்கால் தோண்டும்போது குறுக்கே ஒரு எல்லைக்கல் நின்றது. கல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் அசையாத மூன்று பொருள்களிலிருந்து அதன் தூரத்தை அளந்து புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அது முதல் வருஷம் படிக்கிறவனுக்கே தெரியும். கலைவேந்தனும் எழுதினான். ஏழாவது புளியமரத்திலிருந்து இவ்வளவு, எட்டாவது புளியமரத்திலிருந்து இவ்வளவு, ஒன்பதாவதிலிருந்து இவ்வளவு என்று சுத்தமாக, படம்போட்டு எழுதினான். அடுத்த வாரமே அந்தப் புளியமரங்கள் எல்லாம் வெட்டப்பட்டன. வெட்ட வேண்டிய மரங்களின் பட்டியலைத் தயாரித்ததும் அவனேதான், அதே புத்தகத்தின் வேறொரு பக்கத்தில். ஆறு மாசம் கழித்துக் கல்லைத் திரும்ப நட வந்தபோது மரமும் இல்லை, மரம் நின்ற குழியும் இல்லை. ஜேசிபி ஓட்டிய நாகராஜன், "இந்த வளைவாண்டதான் சார் இருந்துச்சு, எனக்கு நல்லா ஞாபகம்," என்றான். வண்டிக்கு அடுத்த ஊரில் வேலை இருந்தது, அவசரப்படுத்தினான். கலைவேந்தன் தலையாட்டினான். கல்லை நட்டு, அடியில் சிமெண்ட் குழைத்துப் போட்டு, வெள்ளையும் அடித்தார்கள்.

தப்பு செய்தோம் என்ற நினைப்பே அவனுக்கு அப்போது இல்லை. கல் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அதற்கு மூன்று வருஷம் கழித்து, ஒரு மார்கழிக் காலையில், அந்த வளைவில் அருள்மொழி என்ற பெண்ணை ஒரு லாரி அடித்துப்போட்டுவிட்டுப் போனது. பத்தொன்பது வயது. மாத்திரைக் கம்பெனி வேனைப் பிடிக்க ரோட்டைக் கடந்தவள். அடித்ததுமே உயிர் போய்விட்டது. கரும்பு வெட்ட வந்திருந்தவர்கள் கரும்புத்தோகையைக் கொண்டுவந்து மூடினார்கள். இந்த மடுகரைப் பக்கத்துப் போலீஸ் வந்து, கல்லுக்கு அந்தப் பக்கம் கிடக்கிறாள், எங்களுக்கு இல்லை என்றது. அந்தப் பக்கத்துப் போலீஸ் வந்து, எங்கள் கணக்குப்படி எல்லை அதோ அந்தத் தரைக்கிணற்றாண்ட, அது கல்லிலிருந்து இன்னும் எழுபது மீட்டர் மேற்கே தள்ளி இருக்கிறது, எங்களுக்கு இல்லை என்றது. நான்கு மணி நேரம் இப்படியே போயிற்று. அந்த வாரம் அதே ஒப்பந்தக்காரரின் பழுது பார்க்கும் வேலைக்காக அங்கே வந்திருந்த கலைவேந்தனை யாரோ கூப்பிட்டுக் காட்டினார்கள். "ரோடு போட்ட கம்பெனி சர்வேயர்தானே நீங்க? கல்லு கரெக்டாத்தானே இருக்குது?" என்று ஒரு அதிகாரி கேட்டார். எல்லோரும் அவனையே பார்த்தார்கள். தோகைக்கு வெளியே ஒரு பாதம் மட்டும் தெரிந்தது, செருப்பில்லாத பாதம். நினைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம், புத்தகத்தை எடுத்துவரட்டும் என்று சொல்லியிருக்கலாம். பயம் வந்தால் மனிதனுக்கு நாக்கு தானாக ஓடிவிடுகிறது. "கரெக்டா இருக்குது சார்," என்றான்.

அப்புறம் ஊர்க்காரர்களே உடலை ஒரு சின்ன லாரியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோனார்கள். ஃபைல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கத்தார் இந்தப் பக்கமே திருப்பி அனுப்பினார்கள். இரண்டு வருஷமாகியும் அந்தச் சாவு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. போன வாரம் இரண்டு ஸ்டேஷனிலும் போய்க் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தான். இரண்டிலும் இந்த ஒரு கிலோமீட்டருக்கு நேராகச் சுழியம்.

வளைவில், அந்த வெள்ளைக் கல்லைத் தாண்டி, ஒரு பெண்மணி நின்றுகொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். புடவைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை, கையில் பச்சைத் துண்டு. ரோட்டின் ஓரத்தில் ஏழெட்டுப் பெண்கள் சாப்பாட்டுப் பையோடு காத்திருந்தார்கள். மேற்கிலிருந்து ஒரு கரும்பு டிராக்டர் வந்தது. அவள் நடுரோட்டில் இறங்கி நின்று துண்டை வீசினாள். டிராக்டர் நின்றது. பெண்கள் கடந்தார்கள். ஒருத்தி மட்டும் போனைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "ஏ, போன உள்ள போடுடி," என்று இவள் ஒரு அதட்டல் போட்டதும் போன் பைக்குள் போயிற்று. அவர்கள் பழைய பயணியர் நிழற்குடைக்குக் கீழே போய் நின்றதும் அவளும் இந்தப் பக்கம் திரும்பி வந்தாள். யாரும் சொல்லாமலேயே கலைவேந்தனுக்குத் தெரிந்துவிட்டது. அருள்மொழியின் அம்மா. அன்றைக்குக் கூட்டத்தில் பெயர் மட்டும் காதில் விழுந்திருந்தது, தையலம்மாள்.

நாற்பத்திரண்டாவது கேள்வி, பாதசாரிகள் பாதுகாப்பாகக் கடக்க ஏற்பாடு உள்ளதா. அதற்குத் துறை ஏற்கெனவே பதில் எழுதியிருந்தது: 'ஆம். காலை நேரத்தில் உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் போக்குவரத்து ஒழுங்குபடுத்தப்படுகிறது.' மூன்று மதிப்பெண், அதுபோக மக்கள் பங்கேற்புக்கு இரண்டு. கலைவேந்தன் அந்த வரியைப் படித்தான், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் அந்த அம்மாவைப் பார்த்தான். செத்த மகளுக்கு ஒரு வரி இல்லை. மகள் செத்ததால் ரோட்டில் வந்து நிற்கிற தாயை ஐந்து மதிப்பெண்ணாக மாற்றிக்கொண்டுவிட்டார்கள்.

"கவுருமெண்டுலேர்ந்து வர்றியாப்பா?" என்றாள் தையலம்மாள்.

"கவுருமெண்டு இல்லக்கா. கவுருமெண்டு ரோட்ட எப்பிடி வச்சிருக்குதுன்னு கணக்கெடுக்கற கம்பெனி."

"கணக்கா?" அவள் டேப்லெட்டை எட்டிப் பார்த்தாள். "அதுல எம்பொண்ணு இருக்குறாளா பாரு. அருள்மொழி. தோ, இங்கதான்."

அவன் நாற்பத்தோராவது கேள்வியைத் திறந்தான். கடந்த மூன்று ஆண்டுகளில் சாலை விபத்து இறப்புகள். பெட்டிக்குள் சுழியம் தானாகவே வந்து உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் வரைபடம் என்று ஒரு பொத்தான். இதற்கு முன்னால் எத்தனையோ ஊரில் அதை அழுத்தியிருக்கிறான், இங்கே மட்டும் அழுத்தப் பயந்தான். அழுத்தினான். கிராம வரைபடம் விரிந்தது. எல்லை சிவப்புக் கோடாக ஓடியது. அவன் நின்ற இடம் நீலப் புள்ளியாகத் துடித்தது. சிவப்புக் கோடு கல்லுக்கு நேராக இல்லை. மேற்கே, தூர்ந்துபோன தரைக்கிணற்றை உரசிக்கொண்டு போனது. நீலப் புள்ளி கோட்டுக்கு இந்தப் பக்கம், சந்தேகத்துக்கு இடமில்லாமல் இந்தப் பக்கம் இருந்தது. இரண்டு வருஷமாக, ஒருவேளை சரியாகக்கூட நட்டிருக்கலாம் என்று ஒரு நூலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். அது இப்போது அறுந்துவிட்டது.

சென்னையில் இருக்கும் மேலாளர் மணவாளனைப் போனில் எழுப்பினான். பதிவேட்டில் ஏறாத சாவு ஒன்று இருக்கிறது, சேர்க்கலாமா என்று கேட்டான். மணவாளன் கொட்டாவியோடு பேசினார். "சேர்க்கலாம்ப்பா, ஆப்ஷன் இருக்கு. இடத்தோட படம் வேணும், சாட்சி வேணும், ஏன் பதிவாகலைன்னு காரணமும் எழுதணும். காரணம் ஸ்ட்ராங்கா இல்லேன்னா துறை நம்மளத் தூக்கிப் போட்டு மிதிப்பாங்க. என்ன காரணம்?"

"எல்லைக்கல்ல தப்பா நட்டுட்டாங்க சார்."

"யாரு நட்டது? பேரு இருக்கா?"

"இருக்குது சார்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

தையலம்மாள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை போகும். பழைய ஒப்பந்தக்காரர் சும்மா விடமாட்டார். பொய் சொன்னதற்காகப் போலீஸ் கூப்பிட்டு விசாரிக்கும். வைஜெயந்தி முகத்தில் எப்படி விழிப்பது. இத்தனையும் ஒரு நொடியில் வந்து வரிசைகட்டி நின்றது. ஆனால் எதிரே நின்றவளைவிட அவை எதுவும் பெரியதாகத் தெரியவில்லை.

"அக்கா, அந்தக் கல்லு இருக்குற எடம் தப்பு. எல்ல அங்க, கெணத்தாண்ட இருக்குது. உங்க பொண்ணு நம்ம பக்கத்துலதான் கெடந்தா. கல்ல நட்டது நாந்தான். அன்னிக்கு வந்து கரெக்டா இருக்குதுன்னு சொன்னதும் நாந்தான்."

அவள் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பட்டையாக மடித்தாள், மறுபடியும் பிரித்தாள். ரோட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

"அந்தக் கொரலு ரெண்டு வருசமா எங்காதுல கேட்டுக்கினே இருக்குதுப்பா. சோறு போட்டுக்கினு குந்துனா கேக்கும். கரெக்டா இருக்குது சார்னு. ஆளு மூஞ்சிதான் மறந்துபோச்சு. நீதானா அது?"

"ஆமாங்க்கா."

"நாலு மணி நேரம். தோகையில ஈ மொய்ச்சுது. ரெண்டு பக்கத்து போலீசும் கல்லத்தான் பாத்தாங்க. எம்பொண்ண ஒருத்தனும் பாக்கல." குரல் உயரவில்லை, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. "செத்ததுக்கு ஒரு ஊரு வேணாமாப்பா? கரியமாணிக்கத்துல பொறந்தா, மடுகரையில படிச்சா. செத்தது எந்த ஊருன்னு கேட்டா ரெண்டு பேரும் அந்தாண்ட கையக் காட்டறாங்க."

அவள் அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான். அவள் அடிக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. டேப்லெட்டைச் சுட்டிக்காட்டி, "எழுது," என்றாள். "நான் பாக்க எழுது."

காரணம் என்ற பெட்டியைத் தொட்டான். சில்லிட்ட விரல் எழுத்துகளைத் தவறவிட்டது, அழித்து அழித்து எழுதினான். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னாள். 'எல்லைக்கல் சரியான இடத்திலிருந்து எழுபது மீட்டர் கிழக்கே தவறாக நடப்பட்டதால் இறப்பு எந்தக் காவல் நிலையத்திலும் பதிவாகவில்லை. நட்டவர், பின்னர் சரியென்று பொய் சொன்னவர், அப்போதைய நில அளவையர் கலைவேந்தன்.' படித்து முடித்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "அவ பேரு எங்க?" பெயருக்குப் பெட்டி இல்லை, எண்ணிக்கைக்குத்தான் பெட்டி இருந்தது. காரணத்தின் தொடக்கத்துக்குப் போய் 'அருள்மொழி, வயது 19' என்று சேர்த்தான். சுழியத்தை அழித்துவிட்டு ஒன்று என்று போட்டான். திரை அடுத்து இடத்தின் படத்தைக் கேட்டது.

"எடத்தக் காட்டுங்கக்கா. ஒரு படம் எடுக்கணும்."

காட்டுவதற்கு அங்கே என்ன இருக்கிறது? போன வருஷம் பழைய தாருக்குமேல் புதுத் தார் ஊற்றியிருந்தார்கள். அதற்கும் அவன் நேற்று நல்ல மதிப்பெண்தான் போட்டிருந்தான். கறை இல்லை, கீறல் இல்லை, ரோடு கழுவிவிட்ட சிலேட்டு மாதிரி கிடந்தது. தையலம்மாள் ரோட்டில் இறங்கி, வெள்ளைக்கோட்டிலிருந்து இரண்டடி தள்ளி நின்றாள். காலால் தடவிப் பார்த்தாள். அவன் டேப்லெட்டை உயர்த்தினான். வெறும் தாரில் ஒரு பெண்மணி நிற்கிற படம் எதற்கு ஆதாரம் என்று மணவாளன் கேட்பார் என்ற நினைப்பு அவனுக்கு வந்த அதே நேரத்தில் அவளுக்கும் ஏதோ வந்திருக்க வேண்டும். துண்டை ஓரத்தில் வீசிவிட்டு உட்கார்ந்தாள். அப்படியே ரோட்டில் சாய்ந்து படுத்தாள்.

"அக்கா, வேணாம். எழுந்திருங்க."

"எடு. இப்பிடித்தான் கெடந்தா."

நிழற்குடையில் நின்ற பெண்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். கிழக்கேயிருந்து கம்பெனி வேன் வந்தது. மேற்கேயிருந்து ஒரு கரும்பு லாரி, அதற்குப் பின்னால் ஒரு டவுன் பஸ். பெண்கள் இரண்டு பக்கமும் குறுக்கே கைகளைக் கோத்து நின்றுவிட்டார்கள். ஹாரன் ஒன்றின்மேல் ஒன்றாக அடித்தது, பிறகு யாரோ இறங்கிவந்து பார்த்துவிட்டுப் போனதும் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. கலைவேந்தன் திரையைப் பார்த்தான். இடத்தைக் குறிப்பதில் பதினொரு மீட்டர் பிழை என்று ஜிபிஎஸ் காட்டியது. ஐந்துக்குள் வந்தால்தான் படம் எடுக்க விடும். பனியோ என்னவோ, எண் இறங்க மறுத்தது.

தையலம்மாள் தலையை மேற்கே திருப்பினாள். இடது கையை உடம்புக்கு அடியில் மடக்கினாள். ஒரு காலை நீட்டி, மறு காலை முழங்காலில் மடித்து, கொஞ்சம் யோசித்து, அதையும் சரியாக்கினாள். வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டாள். அன்றைக்குத் தோகைக்கு அடியில் என்ன இருந்தது என்று கலைவேந்தன் பார்த்ததில்லை. பத்தடி தூரத்தில் நின்றும் பார்க்கவில்லை. இப்போது பார்த்தான்.

ஒன்பது என்றது திரை. அப்புறம் எட்டு.

"வந்துச்சாப்பா?" அவள் கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம்க்கா. அசையாம இருங்க."

அவள் அசையவில்லை. மூச்சையும் பிடித்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் வண்டிகள் வளைவு தாண்டி நீண்டுவிட்டன, ஓட்டுகிறவர்கள் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி நின்றார்கள். கலைவேந்தன் இரண்டு கையாலும் டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு அவள் மூச்சு விடுவதற்காகக் காத்திருந்தான்.